முதலில் கரையில் இறங்கு

கற்பிட்டிக்குப் போகவேண்டும், டொல்பின் பார்க்கவேண்டும் என்று எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாய்? கூட்டாளிமார் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினீர்கள். ஒருத்தனுக்கு லீவு கிடைக்கவில்லை. இன்னொருத்தனுக்கு மச்சாளின் கலியாணம் குறுக்கே வந்தது. மற்றவன் 'பார்ப்பம்' என்றான், இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறான். காலை வணக்கப் படங்களோடு குழு மட்டும் சாகாமல் கிடக்கிறது.

காசு இல்லை என்று சொல்லாதே. ஒரு சனிக்கிழமை இரவு கொத்துரொட்டிக்கும் ஐஸ்கிறீமுக்கும் நீங்கள் சேர்ந்து கொட்டுகிற காசில் உன் பஸ் செலவு முடிந்துவிடும். நேரம் இல்லை என்றும் சொல்லாதே. கொழும்பில் இருந்து கற்பிட்டிப் பக்கத்துப் புத்தளம் ஏறத்தாழ 130 கிலோமீற்றர். விடியற்காலை ஏறினால் மதியச் சோற்றுக்கு முன் இறங்கிவிடலாம். உன்னைக் கட்டிப்போட்டிருப்பது வேறொன்று. தெரியாத சந்தியில் இறங்கி, தெரியாத மனிதரின் முகத்தைப் பார்த்து, "இந்த இடத்துக்கு எப்படிப் போறது?" என்று வாய் திறக்கவேண்டுமே, அந்தக் கூச்சம்! 'வெளியூர்க்காரன், முழிக்கிறான் பார்' என்று யாரோ நினைத்துவிடுவார்களே என்ற பயம்! ஊர் பெயர் தெரியாத ஒருவன் அரை நிமிடம் உன்னைப் பற்றி என்ன நினைப்பான் என்பதற்காக, ஒரு கடலையே பார்க்காமல் வீட்டில் இருக்கிறாய். வெட்கப்படவேண்டிய இடம் இதுதான்.

கோஸ்டாரிகாவில் எந்த மாதம் மழை, எந்தக் கரையில் ஆமை முட்டையிடும் என்று யூடியூப் பார்த்து ஒப்பிக்கிறாய். கற்பிட்டிக் கடல் எந்த மாதம் அடங்கும் என்று கேட்டால் பேச்சில்லை. மத்திய அமெரிக்காவுக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. ஒரு நாள் கட்டாயம் போ. ஸ்பானிய மொழி பேசும் நாட்டில் வாய் திறக்கப் போகிறவன், தமிழ் பேசும் கற்பிட்டியில் முதலில் வாய் திறந்து பழகினால் என்ன குறைந்துபோகும்?

இதே கரைக்கு எதிரே 1344 இல் ஒரு கப்பல் தத்தளித்தது. மாலைதீவில் இருந்து வந்த கப்பல். காற்று ஏறிவிட்டது. கரை தெரிகிறது, ஆனால் கப்பல் தலைவன் துறைக்குள் நுழைய மாட்டேன் என்கிறான். இது மன்னன் ஆரியச் சக்கரவர்த்தியின் துறை, அவன் கொடியவன், கடற்கொள்ளைக் கப்பல்கள் வைத்திருப்பவன் என்று நடுங்குகிறான். முன்னால் வதந்தி, பின்னால் புயல். அந்தக் கப்பலில் இருந்த பயணி மொரோக்கோவின் தாஞ்சியரில் பிறந்த இப்னு பதூதா. தன்னை மட்டும் கரையில் இறக்கிவிடும்படியும், எல்லோருக்கும் சேர்த்து அபயம் வாங்கிவருவதாகவும் அவர் தலைவனிடம் சொன்னார். இறங்கினார். காவலுக்கு வந்தவர்களிடம் தான் யார், மதுரைச் சுல்தானுக்கு என்ன உறவு என்பதைச் சொன்னார். மன்னன் முன் கொண்டுபோனார்கள். மன்னனுக்குப் பாரசீகம் விளங்கியது. பயணியின் கதைகளை ரசித்துக் கேட்டு, உனக்கு என்ன வேண்டும் என்றான். பாவா ஆதமின் பாதம் பதிந்த மலையைப் பார்க்கவேண்டும் என்ற ஒரே ஆசையைப் பயணி சொன்னார். பல்லக்குக் கிடைத்தது. வழிகாட்ட நான்கு யோகிகள், மூன்று பிராமணர், கூட வரப் பத்துப் பேர், சாமான் சுமக்கப் பதினைந்து பேர். அவர் பத்தலா என்று எழுதிவைத்த அந்த ஊர் புத்தளம்தான் என்பது வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஏற்கும் முடிவு.

கொள்ளைக்காரன் என்று கடல் முழுக்கப் பேர்போனவன் பல்லக்குக் கொடுத்து அனுப்பினான்! கப்பலிலேயே இருந்திருந்தால் இப்னு பதூதாவுக்குக் கிடைத்திருப்பது வாந்தியும் வதந்தியும்தான்.

அவருக்கு மதுரைச் சிபாரிசு இருந்தது, எனக்கு யார் இருக்கிறார்கள் என்று முணுமுணுக்கிறாயா? அவரிடம் இல்லாத ஒன்று உன்னிடம் இருக்கிறது. கரையில் அவருக்கு வாய்த்தது பாரசீகம் தெரிந்த ஒரு மன்னன்தான். நீ இறங்கப்போகும் கரையில் தேத்தண்ணிக் கடைக்காரர், தோணிக்காரர், பள்ளிவாசல் வாசலில் நிற்கும் பெரியவர், கருவாடு காயப்போடும் அம்மா என்று நூற்றுக்கணக்கான பேருக்கு உன் தாய்மொழி தெரியும். இதைவிடப் பெரிய சிபாரிசுக் கடிதம் எந்தச் சுல்தானிடம் கிடைக்கும்?

வெளியூர்க்காரன் கதை போதாதா, இந்த மண்ணிலேயே பிறந்த ஒருவரைச் சொல்கிறேன். சைமன் காசிச்செட்டி 1807 இல் கற்பிட்டியில் பிறந்தவர். இலங்கையின் மாவட்டங்கள், ஊர்கள், துறைமுகங்கள், ஆறுகள் எல்லாவற்றையும் தொகுத்து ஆங்கிலத்தில் 'சிலோன் கசற்றியர்' என்ற நூலை அவர் வெளியிட்டது 1834 இல். வயது 27. அந்தக் காலத்தில் கூகுள் வரைபடம் இருந்ததா? ரயில் இருந்ததா? இலங்கையில் முதல் ரயில் ஓட இன்னும் முப்பது வருடம் இருந்தது. வாய் திறந்து கேட்காமல் அப்படி ஒரு நூல் எழுத முடியுமா? பிறகு 1859 இல் தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்து 'தமிழ் புளூராக்' என்ற நூலையும் தந்தார். சிலாபத்தில் நீதவானாகவும் இருந்தார். கடல் மூன்று பக்கமும் சூழ்ந்த ஒரு மணல் திட்டில் பிறந்த பையன் முழு நாட்டையும் தன் கைப்பிடிக்குள் கொண்டுவந்தான். நீ கையில் 5ஜி வைத்துக்கொண்டு 'வழி தெரியாது' என்கிறாய்.

சரி, திட்டியது போதும். எப்போது போவது, எப்படிப் போவது என்று பார்ப்போம்.

டொல்பினும் திமிங்கிலமும் பார்க்கவேண்டுமென்றால் நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் போ. அப்போதுதான் இந்த மேற்குக் கடல் அடங்கிக் கிடக்கும். மே மாதம் தென்மேல் காற்று எழும்பினால் கடலின் முகமே மாறிவிடும்; அது ஒக்டோபர் வரை கைட் சர்ஃபிங்காரர்களின் காலம். வெளிநாட்டில் இருந்து காற்றைத் தேடி அந்த மாதங்களில் ஆட்கள் வருகிறார்கள். இந்தக் கரையில் மீன்பிடிக் குடும்பங்களில் பிறந்த பையன்கள் பலர் இன்று வெள்ளைக்காரருக்குக் கைட் பழக்கும் ஆசிரியர்கள். முதலில் அவர்களுக்கும் இங்கிலீஷ் வராதுதான். அலை தெரிந்தது, காற்றுத் தெரிந்தது, மிச்சத்தைப் பேசிப் பேசி எடுத்துக்கொண்டார்கள். உனக்குப் பழக ஆசையென்றால் களப்புப் பக்கம் ஆரம்பி, ஆழம் குறைவு. திறந்த கடலில் காற்றுக் காலத்தில் தனியாகக் குளிக்க இறங்காதே. தைரியத்துக்கும் தற்கொலைக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு நான் கட்டுரை எழுதவில்லை.

கொழும்பில் இருந்து வருகிறவனுக்கு வழி ஒரே நேர்க்கோடு. நீர்கொழும்பு, சிலாபம் தாண்டிப் போகும் புத்தளம் வீதி. ரயிலும் உண்டு, மெல்லப் போகும், ஆனால் ஜன்னலோரம் தென்னந்தோப்பாகவே ஓடும். யாழ்ப்பாணத்தில் இருந்தோ வவுனியாவில் இருந்தோ வருகிறவன் அனுராதபுரம் வந்து புத்தளம் பஸ் பிடிக்கலாம். மன்னார்க்காரன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு 'கரையோரமாகக் காட்டுக்குள்ளால் போனால் கிட்டத்தானே' என்று கணக்குப் போடாதே. அது வில்பத்துக் காடு, வழக்கு மன்றம் வரை போன பாதை. மதவாச்சி, அனுராதபுரம் சுற்றி வருவதே உனக்கு நல்லது.

புத்தளம் வீதியின் பெருமை அதன் கடலைவிட அதன் மனிதர்களில் இருக்கிறது. மாவட்டத்துக்குள் நுழைந்ததும் வென்னப்புவ, மாரவில. சிங்களம் பேசும் கத்தோலிக்க ஊர்கள். சந்திக்குச் சந்தி சொரூபக் கூடு, பெரிய பெரிய வீடுகள். அந்த வீடுகளில் பலவற்றின் காசு இத்தாலியில் இருந்து வந்தது. ஒரு வார்த்தை இத்தாலி மொழி தெரியாமல் மிலானிலும் நேப்பிள்ஸிலும் இறங்கி, சமையலறையிலும் வயோதிபர் பராமரிப்பிலும் வேலை செய்து, கையைக் காலை ஆட்டிப் பேசி, மொழியையும் பிடித்து, வீட்டையும் கட்டிய மனிதர்கள் அவர்கள். பஸ் ஜன்னலால் அந்த வீடுகளைப் பார்க்கும்போது பெயின்ட் நிறத்தை மட்டும் பார்க்காதே.

சிங்களம் தெரியாதே என்று அங்கே ஒடுங்காதே. "மம சிங்ஹல டிகக் விதரய் தன்னே" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு, "கொஹொமத யன்னே?" என்று கேள். எனக்குச் சிங்களம் கொஞ்சம்தான் தெரியும், எப்படிப் போறது என்று அர்த்தம். நீ இந்த இரண்டு வரியைச் சொன்ன மாத்திரத்தில் எதிரில் இருப்பவர் தனக்குத் தெரிந்த தமிழை எல்லாம் தேடி எடுப்பார். சிலாபக் கரையில் சில பழைய மீனவக் குடும்பங்களில் தமிழ் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பாட்டி தமிழில் கேட்பார், பேரன் சிங்களத்தில் பதில் சொல்வான். அதற்கு நீ ஆச்சரியப்படலாம், ஆனால் 'நீங்கள் தமிழரா சிங்களவரா' என்று நின்று விசாரணை வைக்காதே. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை வாழ்க்கைக்கு உன் ஒரு சொல் முத்திரை தேவையில்லை.

சிலாபத்தில் இறங்கி முன்னேஸ்வரம் போ. பஞ்ச ஈஸ்வரங்களில் ஒன்று. போர்த்துக்கேயர் 1578 இல் இடித்த கோயில். கண்டியில் இருந்து ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் 1753 இல் புதுப்பித்த கோயில். வடிவாம்பிகை சந்நிதியில் தேங்காய்த் தட்டோடு நிற்கும் கூட்டத்தில் பாதிப் பேர் சிங்களத்தில் வேண்டிக்கொண்டிருப்பார்கள். ஆண்பிள்ளை என்றால் சட்டையைக் கழற்று. இங்கேதான் பார், எத்தனை பேருக்குக் கூச்சம் வருகிறது! தொப்பை தெரிகிறதாம், நெஞ்செலும்பு தெரிகிறதாம். தம்பி, உன் நெஞ்செலும்பைப் பார்க்க அம்பாள் வரிசையில் நிற்கவில்லை. கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போ. போயா தினத்தில் போனால் கூட்டம் நெரியும், அன்று சாராயக் கடையும் இறைச்சிக் கடையும் பூட்டியிருக்கும். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்.

சிலாபத்துக்கு வடக்கே பிரதான வீதியை விட்டுக் கடற்பக்கம் திரும்பினால் உடப்பு. தமிழ் மீனவர் ஊர். திரௌபதை அம்மன் கோயிலில் ஆடியில் தீமிதிப்பு. மகாபாரதத்தைப் பதினெட்டு நாள் வாழ்ந்து காட்டிவிட்டுக் கடைசியில் நெருப்பில் நடப்பார்கள். அதைப் படம் பிடிக்கப் போகிறவன் ஒன்றை மனதில் வை. நீ ரீல்ஸுக்காக ஓடித் திரிகிற அந்த மணலில் ஒரு தாய் தன் பிள்ளையின் நோய் தீரவேண்டுமென்று விரதம் இருந்து நிற்கிறாள். கேட்டுவிட்டு எடு. 'வேண்டாம் தம்பி' என்றால் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுக் கும்பிடு. கேட்டதற்கு இல்லை என்ற பதில் வந்தால் அதைச் சிரித்துக்கொண்டே வாங்குகிற நெஞ்சு இருக்கிறதே, அதுதான் என்னைக் கேட்டால் பயணியின் முதல் தகுதி. கடல் அடங்கிய மாதமென்றால் கரைவலை இழுப்பார்கள். சும்மா நின்று பார்க்காதே. "அண்ணே, நானும் ஒரு கை பிடிக்கட்டா?" என்று கேள். பெரும்பாலும் விடுவார்கள், விட்டு உன் பிடியைப் பார்த்துச் சிரிப்பார்கள். உடப்பின் அம்பாப் பாட்டுக்கு ஏற்றபடி காலை மணலில் ஊன்றி இழுக்க இழுக்க, உள்ளங்கை எரியும். அலுவலக நாற்காலியில் இருந்து வந்தவனுக்கு அந்த எரிவு நல்லது.

முந்தல் தாண்டிப் பாலாவி. அங்கிருந்து நேரே போனால் புத்தளம், இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டிக் குடாநாடு. புத்தளத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஊரில் திரியும் கழுதைகளைப் பற்றிய பகிடியோடு பேச்சைத் தொடங்காதே. புத்தளத்தார் அதைச் சின்ன வயதில் இருந்து கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனவர்கள். அவர்களாகவே சொன்னால் கூடச் சேர்ந்து சிரி, அவ்வளவுதான்.

இந்தப் பக்கம் முஸ்லிம் ஊர்கள் அதிகம். வயதில் மூத்தவரை நானா என்று கூப்பிடு. சலாம் சொன்னால் மகிழ்வார்கள். வணக்கம் என்றாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, முகம் பார்த்துச் சொல். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டும். அந்நேரம் கதவைத் தட்டி 'சோறு இல்லையா' என்று நிற்காதே. நோன்பு மாதத்தில் போனால் பகலில் சாப்பாட்டுக்கடை பல மூடியிருக்கும், கையில் ஏதாவது வைத்துக்கொள், தெருவில் நின்று தின்னாதே. அந்தி சாய்ந்து நோன்பு திறக்கும் நேரம் யாராவது கஞ்சிக் கோப்பையை நீட்டினால் 'பரவாயில்லை, வேண்டாம்' என்று மரியாதைக்குப் பின்வாங்காதே. வாங்கிக் குடி! கலியாண வீட்டில் சஹனுக்குக் கூப்பிட்டால் போய்ச் சம்மணம் போட்டு இரு. ஒரு பெரிய தட்டத்தைச் சுற்றி ஆறு பேர், வலது கை, உன் முன்னால் இருக்கிற பங்கில் இருந்து எடு, இறைச்சித் துண்டுக்காக எதிர்ப்பக்கம் கையை நீட்டாதே. பள்ளிவாசலுக்குள் போய்ப் பார்க்க ஆசையென்றால் வாசலில் நிற்பவரிடம் கேள், முழங்கால் மறையும் உடுப்போடு கேள். பெண்கள் முதலில் விசாரித்துவிட்டுப் போவது நல்லது, இடத்துக்கு இடம் வழக்கம் மாறும்.

இனி நான் சொல்லப்போவது, வடக்கில் இருந்து வருகிற தம்பி தங்கச்சிமாருக்கு. கற்பிட்டி வீதியில் ஒரு கடையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பாய். கடைக்காரர் எந்த ஊர் என்று கேட்பார். யாழ்ப்பாணம் என்பாய். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நானும் யாழ்ப்பாணம்தான், சோனகத்தெரு என்று சொல்லக்கூடும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்தது சில மணித்தியாலம். ஏறத்தாழ 75,000 பேர் வீட்டையும் கடையையும் நகையையும் விட்டு வெளியேறினார்கள். அவர்களில் பெரும் பங்கினர் வந்து ஒதுங்கியது இந்தப் புத்தளக் கரையில். ஏற்கெனவே தண்ணீருக்கும் வேலைக்கும் தட்டுப்பாடு இருந்த மண், வந்தவர்களுக்கு இடம் விட்டது. ஓலைக் கொட்டில்களில் பிறந்த பிள்ளைகள் இன்று இங்கேயே பிள்ளை பெற்றுவிட்டார்கள்.

அந்த மனிதர் சொல்லத் தொடங்கினால் நீ என்ன செய்வாய்? 'நான் அப்போது பிறக்கவேயில்லை' என்று நழுவுவாயா? 'எங்களுக்கும்தான் நடந்தது' என்று உன் கணக்கை எடுத்து எதிரே வைப்பாயா? உன் வீட்டிலும் இழப்பு இருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் அந்த மேசையில், அந்த நேரத்தில், வாயை மூடிக்கொண்டு கேள். முழுவதையும் கேள். தேத்தண்ணி ஆறினாலும் கேள். வழி கேட்க வாயைத் திறப்பதற்கு ஒரு பங்கு தைரியம் வேண்டுமென்றால், தன் பக்கத்துத் தவறைக் கேட்டுக்கொண்டு இருக்க நூறு பங்கு வேண்டும். அதைச் செய்யக்கூடிய பிள்ளைதான் நீ என்று நம்பித்தான் உன்னை இந்தக் கரைக்குப் போ என்கிறேன். நீயாகப் போய் 'அகதி முகாம் எங்கே, பார்க்கலாமா' என்று மட்டும் கேட்காதே. அவர்களுடைய துயரம் சுற்றுலாத் தலம் கிடையாது. 2019 மே மாதம் சிலாபப் பக்கம் முஸ்லிம்களின் கடைகள் தாக்கப்பட்டதும் பலருக்கு நேற்று மாதிரி. அரசியல் வாதத்தை நீ தொடங்காதே.

புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பியடி என்று ஒரு சின்ன ஊர். போர்த்துக்கேயர் காலம் முதல் ஆங்கிலேயர் காலம் வரை ஆபிரிக்காவில் இருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இருக்கிறார்கள். மஞ்சா என்று ஒரு ஆட்டப்பாட்டு அவர்களுடையது, கேட்டால் காலாடும். முன்கூட்டிச் சொல்லி, முறையாகப் பேசி, கொடுக்கவேண்டியதைக் கொடுத்துக் கேள். வழியில் போகிற ஆளை நிறுத்தித் தலைமயிரைத் தொட்டுப் பார்க்கிற காட்டுமிராண்டித்தனத்தை நம்மவர்களில் சிலர் செய்கிறார்கள். வேறு என்ன சொல்ல!

குடாநாட்டுக்குள் திரும்பினால் நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கி எழும்பி நிற்கும். அதன் வேலியோரம் ட்ரோன் பறக்கவிட்டுப் பொலிஸில் மாட்டிக்கொள்ளாதே. தலவிலையில் புனித அன்னம்மாள் கோயில். மார்ச்சிலும், ஜூலை முடிந்து ஓகஸ்ட் தொடங்கும் வேளையிலும் பெருநாள். கத்தோலிக்கர் மட்டுமில்லை, நேர்த்திக்கடன் உள்ள எல்லோரும் வருவார்கள், மரத்தடியில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். அந்த நாட்களில் அறை தேடாதே, கிடைக்காது. கற்பிட்டிக் கோட்டை ஒல்லாந்தர் 1667 இல் கட்டத் தொடங்கியது, இன்று கடற்படையின் கையில். அடையாள அட்டையைக் காட்டி, அனுமதி கேட்டு, படம் எடுக்கலாமா என்றும் கேட்டு உள்ளே போ. சீருடையைக் கண்டால் உனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், தெரியும். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பயம் வந்த வரலாற்றை நான் உனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. இருந்தாலும் நிமிர்ந்து நின்று, குரல் உயர்த்தாமல், கேட்கவேண்டியதைக் கேள். நீ இந்த நாட்டுப் பிரஜை. அந்தக் கோட்டையைக் காக்கும் செலவில் உன் வரிக்காசும் இருக்கிறது.

டொல்பின் படகுக்கு விடியற்காலையே போய்விடு. கண்டக்குளி, ஆலங்குடாப் பக்கங்களில் இருந்து பைபர் போட் புறப்படும். பேரம் பேசுவது ஆளுக்கு இல்லை, படகுக்கு. தனியாக வந்திருக்கிறாயா? முதல்நாள் மாலையே தங்கும் இடத்தில் மற்றவர்களிடம் போய், "காலை படகில் எனக்கும் ஒரு இடம் தருவீங்களா, பங்கு கட்டுறன்" என்று கேள். உன் கூச்சத்துக்கு அன்றைக்கு ரூபாயில் விலை தெரிந்துவிடும். கேட்டால் பங்குக் காசு, கேட்காவிட்டால் முழுப் படகுக் காசு! லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் ஏறாதே, இருந்தால் மாட்டாமல் ஏறாதே. ஓட்டி 'இண்டைக்குக் கடல் சரியில்ல' என்றால் வாதாடாதே. அவர் தகப்பனும் பாட்டனும் படித்த கடல் அது. டொல்பின் கூட்டம் சுழன்று பாயும்போது உற்சாகத்தில் 'கிட்டப் போ, கிட்டப் போ' என்று கத்துபவர்கள் படகில் இருப்பார்கள். நீ ஒருவன் மட்டும் "நானா, எஞ்சினைக் குறைங்க, தூரத்தில நிண்டே பார்ப்பம்" என்று சொல். பத்துப் பேர் ஒரு பக்கம், நீ மறுபக்கம். அந்த இடத்தில் வாய் திறந்துவிட்டாய் என்றால் இனி எந்தக் கூட்டத்திலும் திறப்பாய். பார் ரீஃப் பவளப்பாறையைப் பார்க்கப் போனால் அதன்மேல் கால் ஊன்றாதே. 1992 இல் சரணாலயம் ஆன பாறை, 1998 இலும் 2016 இலும் கடல் சூடேறி வெளிறிப் பெரும் பகுதி செத்தது. மிச்சத்தை நீ மிதிக்கவேண்டாம். உச்சமுனை, பத்தலங்குண்டுத் தீவுகளுக்குப் போகிறவன் குடிதண்ணீரையும் சில்லறைக் காசையும் கொண்டுபோ. அங்கே மீனவர் வாடிகள் இருக்கின்றன, ஏடிஎம் இல்லை. நீ கொண்டுபோன போத்தல் உன்னோடேயே திரும்பி வரட்டும்.

வில்பத்துவை இந்த முறை விட்டுவிடு. 1938 இல் தேசியப் பூங்காவான அருமையான காடு, புத்தளத்தில் இருந்து எலுவன்குளம் வாசலால் நுழையலாம், குதிரைமலை வரை போகலாம். ஆனால் தனி ஆள் ஜீப் பிடித்தால் பை காலியாகும். கற்பிட்டியில் நீ சம்பாதிக்கப்போகும் புதுக் கூட்டாளிகளோடு அடுத்த தடவை போ.

தங்கச்சி, உனக்குத் தனியாக ஒரு வார்த்தை. 'பெண்பிள்ளை தனியாகவா?' என்று வீட்டில் கேட்பார்கள். அவர்கள் பயத்தைக் கேலி செய்யாதே, பதில் தயாரித்துக்கொண்டு போய் நில். எந்த பஸ், எத்தனை மணிக்கு இறக்கம், எந்த வீட்டில் தங்கல், அந்த வீட்டு அம்மாவின் தொலைபேசி இலக்கம் எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடு. திட்டத்தோடு வருகிற பிள்ளையை மறுப்பது கஷ்டம். இருட்ட முன் போய்ச் சேர். பஸ்ஸில் பெண்ணுக்குப் பக்கத்து இடத்தைத் தேடி இரு. முன்னால் மதகுருமாருக்கு ஒதுக்கிய ஆசனத்தில் மட்டும் இருக்காதே. யாராவது உரசினால் தலைகுனிந்து இடம் மாறாதே. 'தள்ளி நில்லுங்க!' என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொல்! குனியவேண்டிய தலை அவனுடையது. கடலில் இறங்கும்போது ஊர்க் கரையில் ஊர் உடுப்பு, விடுதிக் கரையில் உன் விருப்பம். பொலிஸ் 119, பெண்களுக்கான உதவிக்கு 1938, இலவச அம்புலன்ஸ் 1990. மூன்றையும் இப்போதே போனில் போட்டு வை.

கோயிலில் சட்டையைக் கழற்றி, பள்ளிவாசலில் உடம்பை மூடி, அன்னம்மாள் முற்றத்தில் குரலைத் தாழ்த்தி, கடலில் ஓட்டியின் பேச்சுக்குக் கட்டுப்பட்டு, ஒரே வாரத்தில் இத்தனை இடத்தில் இத்தனை விதமாக நடந்துகொள்வது உன்னைச் சின்னவனாக்கிவிடும் என்று நினைக்கிறாயா? எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விறைத்து நிற்பவனைக் கவனித்துப் பார், உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருப்பான். தன்மேல் நம்பிக்கை உள்ளவனுக்குத்தான் வளைந்து கொடுக்க முடியும், ஏனென்றால் வளைந்தால் உடைந்துவிடுவோம் என்ற பயம் அவனுக்கு இல்லை.

திரும்பி வரும்போது கற்பிட்டிக் கருவாடு வாங்குவாய். மூன்று பொலித்தீன் சுற்று, அதற்குமேல் பத்திரிகைத் தாள். இல்லாவிட்டால் கொழும்பு வரை பஸ் முழுக்க உன்னைத் திட்டும், அதில் நான் உன் பக்கம் பேசமாட்டேன்.

அந்த வாட்ஸ்அப் குழுவில் இன்றிரவே ஒரு செய்தி போடு. 'யார் வருகிறீர்கள்' என்று கேட்காதே. 'வெள்ளி விடிய ஆறு மணி பஸ்ஸில் நான் போறன்' என்று போடு. வருகிறவன் வரட்டும். ஒரு தோள்பை, இரண்டு சோடி உடுப்பு, ஒரு சாரம் அல்லது நீளப் பாவாடை, தொப்பி, அடையாள அட்டை, போனில் தரவிறக்கிய வரைபடம். பாலாவிச் சந்தியில் இறக்கச் சொல்லி நடத்துனரிடம் ஏறும்போதே சொல்லிவை. இறங்கியதும் போனை எடுத்து முகத்தை மறைக்காதே. முதலில் எதிர்ப்படுகிற மனிதரிடம் போய், கற்பிட்டி பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று கேள்.